பால் போத்தலும் அம்மம்மாவும்

கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், மாதம் ஒரு தடவை நான் போய்வரும் வீடு அது. வீட்டில் மூன்று பேர். அம்மம்மாவுக்கு 55 வயது. மகளுக்கு 27. அவளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய 5.30 மணிக்கு பஸ் ஏறினால் இருட்டுப்பட்ட பிறகுதான் வீடு திரும்புவாள். அவளது கணவர் வெளிநாட்டில். மூன்றாவது ஆள் 2 வயதும் 3 மாதமுமான பேரன். காலையில் நான் படலையைத் திறந்தபோது அவன் வாயில் போத்தலோடு முற்றத்தில் நின்றான். அயல்வீடுகளையும் முடித்துக்கொண்டு மாலையில் அந்த வழியால் திரும்பியபோதும் போத்தலோடுதான் நின்றான்.

ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் என்று அம்மம்மாவிடம் கேட்டேன். விரல் மடக்கி எண்ணினார். விடிய ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியான நித்திரைக்கு ஒன்று, இரவு படுக்கும்போது ஒன்று, சாமத்தில் எழும்பினால் ஒன்று. 240 மில்லிலீற்றர் போத்தல். ஐந்து தடவை என்றால் 1,200 மில்லிலீற்றர். சோறு சாப்பிடுவானா என்றேன்.

"ரெண்டு வாய் தின்னுவான் பிள்ளை. மிச்சம் கோழிக்குத்தான். பால் குடிக்கிறான்தானே, அது காணும்."

பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்றுதான் இருந்தான். ஆனால் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறிப் போயிருந்தது. குடும்பநல உத்தியோகத்தர் (நாங்கள் மிட்வைப் மிஸ் என்போமே, அவர்) கிளினிக்குக்கு அனுப்பி இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. இந்த வயதில் 11க்குக் குறையக்கூடாது. மேல்வாயின் முன்பற்கள் நான்கும் முரசோடு சேரும் இடத்தில் மண்ணிறமாகி இருந்தன.

இதில் அம்மம்மாவுக்கு விளங்காத விடயம் ஒன்றுதான். இவ்வளவு பால் குடிக்கிற பிள்ளைக்கு இரத்தம் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பசுப்பாலிலும் சாதாரண பால்மாவிலும் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதைவிட, பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து, மற்ற உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சோற்றுக் கோப்பையைக் கண்டால் முகம் திரும்பும். மீன், முட்டை, பயறு, கீரை ஒன்றும் உள்ளே போகாது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் பால் போதும். அதற்கு மேல் போகப் போக அந்தப் பால் சோற்றின் இடத்தைப் பிடிக்கிறது. சில பிள்ளைகள் மண் தின்னத் தொடங்குவதும், ஓடி விளையாடாமல் சோர்ந்து மடியிலேயே கிடப்பதும் இரத்தக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. தேயிலையின் சாயம் இரும்புச்சத்தை இன்னும் தடுக்கும்.

பல் விடயமும் இதோடு சேர்ந்ததுதான். பிள்ளை போத்தலைச் சூப்பிக்கொண்டே நித்திரையாகிவிட்டால் சீனி போட்ட பால் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். நித்திரையில் உமிழ்நீர் குறைவாகவே ஊறும். அதனால் பல்லைக் கழுவ ஒன்றுமில்லை. முதலில் முரசை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கட்டத்திலேயே பல் வைத்தியரிடம் காட்டினால் பல்லைக் காப்பாற்ற இடமுண்டு. மண்ணிறமானால் அது சூத்தை. "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பல் குத்துகிற பிள்ளை எப்படிச் சாப்பிடும்? படுத்தபடி போத்தல் குடிக்கிற பிள்ளைகளுக்குக் காதுக்குள் சீழ் வைப்பதும் அதிகம். சூப்பியின் மடிப்புகளில் ஒட்டிய பால் எங்கள் வெயிலில் எவ்வளவு கெதியில் பழுதாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காசுக் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். 2022 மார்ச் மாதத்தில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாவானது. பிறகு ஆயிரத்தையும் தாண்டியது. அந்த வீட்டில் ஒரு பைக்கற் மூன்று நாளைக்குத்தான். மாதம் பத்துப் பைக்கற். பாதி கடன் கொப்பியில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது போத்தலை நிறுத்துவது பற்றி மட்டுமே. தாய்ப்பாலை நிறுத்துவது பற்றி அல்ல. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. வேலைக்குப் போகிற தாய் மாலையிலும் இரவிலும் தொடர்ந்து கொடுக்கலாம். போத்தலைப் பொறுத்தவரை, 6 மாதத்தில் உணவு தொடங்கும்போதே சிறு கோப்பையையும் பழக்கி, 12 முதல் 18 மாதத்துக்குள் போத்தலை விட்டுவிடுவது நல்லது. ஒரு வயதுக்குள் சாதாரண முழு ஆடைப் பால்மாவோ ரின்பாலோ பிள்ளையின் பிரதான பாலாக இருக்கவே கூடாது.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

மகள் வீட்டில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், மேலே எழுதியவற்றையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் படித்தவள், உடனே பிடித்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை இரண்டு போத்தல்களையும் அடுப்புக்குள் போட்டுவிட்டாள். அன்றிரவு பிள்ளை விடாமல் அழுதிருக்கிறான். பத்து மணியளவில் அம்மம்மா ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போய், கடைக்காரரை எழுப்பி, கடனுக்கு ஒரு புதுப் போத்தல் வாங்கி வந்திருக்கிறார். அதன் பிறகு தாயும் மகளும் நான்கு நாட்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் குடும்பம் என்ற சமூக நிறுவனம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். பாலைக் கரைப்பது யார், பிள்ளையின் கையில் கொடுப்பது யார் என்பதை விசாரிக்காமல் அந்த வீட்டில் வாய் திறந்திருக்கக் கூடாது. நாள் முழுவதும் பிள்ளையோடு நிற்பவர் அம்மம்மா. நான் பேசியதோ மகளிடம்.

அடுத்த தடவை ஒரு வேலைநாளில் போனேன். அம்மம்மா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து உருவினேன். போத்தலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

"நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனா பாலுக்கு அழுறதைக் கேட்டுக்கொண்டு என்னால இருக்கேலாது பிள்ளை. எனக்கு இவளுக்குப் பிறகு ஒரு பெடியன் இருந்தவன். 2009இல ரெண்டு வயசு. வலைஞர்மடத்தில பங்கருக்குள்ள மூண்டு நாள் பால், பால் எண்டு கேட்டவன். என்னட்டை ஒண்டும் இல்லை. கஞ்சித் தண்ணியை வைச்சன், தட்டிவிட்டான். நாலாம் நாள் செல் விழுந்தது. பிறகு மனிக்பாமுக்கு வந்தாப் போல எங்களுக்கும் பால்மா பைக்கற் ஒண்டு தந்தினம். அதைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன். குடுக்கப் பிள்ளை இல்லை."

மகளுக்கு அப்போது 11 வயது. அதே பங்கருக்குள் அவளும் இருந்தவள்தான். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லையாம்.

போரால் பாதிக்கப்பட்ட எமது வீடுகளில் பால் போத்தல் வெறும் போத்தல் அல்ல என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. தகப்பன் காணாமற் போன வீட்டில், தகப்பன் வாங்கித் தந்த கடைசிப் பொருள் என்று 4 வயது வரை போத்தலோடு இருந்த பிள்ளையை எனக்குத் தெரியும். பெண் தனித்து நடத்துகிற வீட்டில் பிள்ளை இரவில் அழுதால், "தாயிருந்தும் பாலுக்கு அழவிடுகிறாள்" என்று மறுநாள் கிணற்றடியில் கதை வரும். அந்தக் கதைக்குப் பயந்தே போத்தல் கொடுக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள்.

போத்தல் எமக்குள் பரவியதற்கு இடர்க்காலங்களுக்கும் ஒரு பங்குண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவிப் பொருட்களோடு பால்மாவும் போத்தல்களும் வந்து சேர்ந்தன. நல்லெண்ணத்தோடு அனுப்பியவர்கள்தான். ஆனால் சுத்தமான தண்ணீரும் விறகும் இல்லாத முகாமில் போத்தல் வயிற்றோட்டத்தையே கொண்டு வரும். அதனாலேயே இடர்க்காலங்களில் போத்தலும் சூப்பியும் வழங்க வேண்டாம், கோப்பையால் ஊட்டுங்கள் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. 1981ஆம் ஆண்டு உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்ட, தாய்ப்பாலுக்குப் பதிலான பால்வகைகளை விற்பனை செய்வது பற்றிய ஒழுக்கக் கோவையில் போத்தலும் சூப்பியும் கூட அடங்குகின்றன.

அம்மம்மாவிடம் அவரது தாய் எப்படிப் பால் கொடுத்தார் என்று கேட்டேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. "எங்களுக்கு எங்கால போத்தல்? சங்கால பருக்கினது. பிறகு பேணி." அவர்களது வீட்டில் பித்தளை மூக்குப்பேணி ஒன்று இருந்ததாம். வாயில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழகியபோது மூக்காலும் பால் வந்ததைச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பேணி இடப்பெயர்வுகளில் எங்கோ தவறிவிட்டது. "அப்ப இவனுக்கும் பேணியில பழக்குங்கோவன் அம்மா" என்றேன். "போத்தலைப் பறிக்கச் சொல்லாதை, பேணி பழக்குறன்" என்றார்.

அன்று நாங்கள் இருவரும் பேசி எடுத்த ஒழுங்கு இதுதான். பால் நிற்காது. பால் வருகிற பாத்திரம் மட்டும் மாறும். கிழமைக்கு ஒரு போத்தல்தான் குறையும்.

முதலில் பத்து மணிப் போத்தல். பிள்ளை விளையாட்டில் இருக்கிற நேரம் என்பதால் அதுவே இலகுவானது. அதற்குப் பதிலாக ஒரு திரிபோஷா உருண்டை, சின்ன எவர்சில்வர் பேணியில் இரண்டு மிடறு பால். பேணியை நிரப்பிக் கொடுத்தால் சிந்தும், பிள்ளையும் பயப்படும், பெரியவர்களுக்கும் கோபம் வரும். இரண்டு மிடறு முடிந்ததும் இன்னும் இரண்டு மிடறு ஊற்றலாம். மூடியும் குழாயும் வைத்த விலை கூடிய பிளாஸ்ரிக் கோப்பை தேவையே இல்லை. அதுவும் கழுவக் கஷ்டமான இன்னொரு போத்தல்தான்.

இரண்டாவது கிழமை விடியப் போத்தல். அதற்குப் பதிலாக இடியப்பமும் சொதியும், பிறகு பேணியில் பால். மூன்றாவது கிழமை மத்தியானம். இங்கேதான் சோறு உள்ளே போகத் தொடங்கியது. பால் இல்லாத வயிற்றோடு இருந்த பிள்ளை பன்னிரண்டு மணிக்குத் தானாகவே குசினிக்கு வந்து நின்றதாக அம்மம்மா சொன்னார். நெத்தலியை நன்றாக அவித்து மசித்து, முருங்கை இலைச் சுண்டல், பருப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. தேசிக்காய், கொய்யா, நெல்லி போன்றவை இலைவகையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க உதவும். பால் குறைந்தால் எலும்பு பலவீனமாகிவிடுமா என்று சிலர் பயப்படுவார்கள். முள்ளோடு தின்னக்கூடிய சின்ன மீன், தயிர், எள்ளு, கீரை எல்லாவற்றிலும் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பேணியில் இரண்டு நேரப் பாலும் தொடர்ந்து இருக்கத்தானே போகிறது.

சாமப் போத்தலுக்கு வேறு வழி. பாலின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, பத்து நாட்களில் வெறும் கொதித்தாறிய தண்ணீரில் கொண்டு வந்து விடுவது. தண்ணீருக்காக எழும்ப எந்தப் பிள்ளைக்கும் விருப்பமில்லை. ஆனால் ஒன்று: ஒரு வயது தாண்டி, பகலில் ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளைக்குத்தான் இது. கைக்குழந்தையின் பாலில் ஒருபோதும் மேலதிகமாகத் தண்ணீர் கலக்க வேண்டாம். அது ஆபத்து.

கடைசியில் மிஞ்சியது படுக்கைப் போத்தல். அதுதான் எல்லாருக்கும் கஷ்டம். பிள்ளைக்கு அது பால் மட்டுமல்ல, நித்திரைக்குள் போகிற வழி. அந்த வழியை எடுத்தால் வேறொரு வழி கொடுக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு பேணியில் பால், பிறகு பல் துலக்கல், பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கு: முதுகைத் தடவுவது, ஒரு கதை, ஒரு பாட்டு. கையில் பிடித்துக்கொள்ளத் தாயின் பழைய சட்டைத் துணி. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கினோம், மகள் அடுத்த இரண்டு நாளும் வீட்டில் நிற்பாள் என்பதால். பக்கத்து இரண்டு வீட்டாருக்கும் மகள் முன்கூட்டியே போய், "மூன்று நாலு நாளைக்குப் பிள்ளை அழுவான், குறை நினைக்காதையுங்கோ" என்று சொல்லி வைத்தாள். இதை எல்லாத் தாய்மாருக்கும் சொல்லுவேன். அயலுக்கு முன்பே சொன்னால் கிணற்றடிக் கதைக்கு இடமில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த நாள் அவித்த மரவள்ளிக்கிழங்கு கூட வந்தது.

முதல் இரவு முக்கால் மணித்தியாலம் அழுதான். இரண்டாம் இரவு அதைவிடக் கூட. அழுகை கூடியபோது அம்மம்மா எழும்பி வெளியே போய்க் கிணற்றுக் கட்டில் இருந்திருக்கிறார். மகள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாளாம். மூன்று பேரும் எவ்வளவு நேரம் அங்கே இருந்தார்கள், என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் இரவு பத்து நிமிடம். ஐந்தாம் இரவு அழுகை இல்லை.

சில விடயங்களைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சூப்பியில் வேப்பெண்ணெய், மிளகாய் பூசுவது. பால் என்றாலே பிள்ளை மிரண்டு, பேணியையும் தள்ளிவிடும். "பேய் கொண்டு போட்டுது", "ஆமி வந்து பிடிச்சுக்கொண்டு போவான்" என்று பயம் காட்டுவது. மற்ற ஊர்களில் அது வெறும் வாய்ச்சொல்லாக இருக்கலாம். எமது வீடுகளில் சொல்கிறவரின் குரலே நடுங்கும். பிள்ளை அந்த நடுக்கத்தைத்தான் பிடிக்கும். காய்ச்சல், வயிற்றோட்டம், புதுக் குழந்தை பிறந்த காலம், வீடு மாறுகிற காலம், தாய் புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் ஆகியவற்றில் படுக்கைப் போத்தலில் கை வைக்க வேண்டாம். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இடையில் பிள்ளைக்கு வருத்தம் வந்து மறுபடி போத்தல் கொடுக்க நேர்ந்தால் தோற்றுவிட்டோம் என்று இருக்கவும் வேண்டாம். சுகமானதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

இரும்புச்சத்துப் பாணியை வைத்தியர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். கடையில் தாமாக வாங்க வேண்டாம். பாலோடும் தேத்தண்ணியோடும் சேர்த்துக் கொடுத்தால் பயன் குறையும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. போத்தலைப் பூட்டி வையுங்கள், பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்தில். இமையின் உட்புறம் வெளிறியிருந்தாலோ, பிள்ளை மண் தின்றாலோ, பல்லில் வெள்ளைக்கோடு தெரிந்தாலோ, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் மூன்று மாதம் கழித்து இரத்தம் பார்த்தபோது 10.6. பாணி இன்னும் கொஞ்சக் காலத்துக்குத் தொடர வேண்டும் என்றார் டொக்டர். முன்பற்களில் இரண்டுக்கு மருந்து அடைத்திருக்கிறார்கள். பால்மா இப்போது மாதம் நான்கு பைக்கற்றோடு நிற்கிறது.

கடனுக்கு வாங்கிய அந்தப் புதுப் போத்தலை என்ன செய்தீர்கள் என்று அம்மம்மாவிடம் கேட்டேன். கழுவிக் காயவைத்து, துணியில் சுற்றி, ரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாராம். "எறியச் சொல்லாதை பிள்ளை" என்றார். நான் சொல்லவில்லை.